பனிக்காட்டு மொந்தன்

அன்னூர்ப் பக்கம் வாழை வைத்திருக்கிறவர்களிடம் வாழையைப் பற்றி மட்டும் வாயைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பொழுது போய்விடும். பாலுசாமியிடம் கொடுத்தால் அன்றைய சோறும் போய்விடும். மனிதருக்கு எல்லாவற்றுக்கும் வாழைதான் தராசு. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட முதலில் தோட்டத்துப் பக்கம் போய் வாழையைப் பார்த்துவிட்டுத்தான் காப்பியில் கை வைப்பார். மரத்தில் சருகு தொங்கினால் அந்தச் சம்பந்தம் வேண்டாம். சருகு கழிக்கத் தெரியாத வீட்டில் வளர்ந்த பெண் என்ன குடும்பம் நடத்திக் கிழிப்பாள் என்பது அவருடைய வாதம்.

அப்படிப்பட்டவர், தங்கை மாசாணியம்மாளை ஊருக்கு இழுத்து வர வாழையையே துணைக்குக் கூப்பிட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மாசாணியம்மாளின் கணவர் வெங்கடபதி கோயமுத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறை வேலை பழகியவர். தேயிலை ஃபேக்டரியில் எந்திரம் ரிப்பேர் பார்க்க ஊட்டிப் பக்கம் போனவருக்கு எந்திரத்தைவிட மலை பிடித்துப் போயிற்று. கேத்திப் பள்ளத்தாக்கில் ஒன்றரை ஏக்கர் சரிவு நிலத்தை வாங்கி, தகரம் போட்ட ஒரு வீட்டையும் கட்டி, கல்யாணமான கையோடு மாசாணியம்மாளை அங்கே கூட்டிப் போனார். முதல் வருடம் குளிரில் பல் கிட்டி அழுதவள், அடுத்த வருடம் மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். கேரட்டும் உருளைக்கிழங்கும் அவள் சொன்ன பேச்சைக் கேட்டன. மகள் லோகப்பிரியா பிறந்தாள், வளர்ந்தாள், பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து விடுதியில் தங்கினாள். தொண்ணூற்று மூன்றாம் வருடம் தை மாதத்தில் ஒரு காலை, கேரட் பாத்தியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வெங்கடபதி எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தச் சரிவில் தனியாக இருந்தாள். தனியாக விதைத்தாள், தனியாகப் பிடுங்கினாள், மேட்டுப்பாளையம் மண்டிக்குத் தனியாகப் போய்வந்தாள். ஊர் சும்மா இருக்குமா? புருசன் செத்தவள் மலைமேல் ஒண்டியாக என்ன செய்கிறாள் என்று அன்னூரில் ஆளாளுக்குக் கவலைப்பட்டார்கள். அவர்களுடைய கவலையில் பாதி வம்பு. பாலுசாமியின் கவலை அப்படி இல்லை. தங்கை குளிரில் கிடக்கிறாளே என்று அவர் இரண்டு போர்வைக்குள்ளேயும் தூங்காமல் புரண்டவர்தான்.

வெங்கடபதிக்கு முதல் வருடத் திதி முடிந்து அன்னூரில் அண்ணன் வீட்டில் பந்தி நடந்தது. சாப்பிட்டுக்கொண்டே பாலுசாமி பேச்சை எடுத்தார்.

"ஏனம்மணி, ஒரு வருசம் போகோணும்னுதான் இத்தனை நாளு வாயத் தொறக்காம இருந்தேன். அந்தக் காட்டை வித்துப்போட்டு இங்க வந்துரு. தெக்கால அறை சும்மாதான் கெடக்குது."

"வேண்டாங்ணா. கேரட்டு வெதச்சிருக்கறேன்."

"கேரட்டு! அது குதிரைக்குப் போடறது." அவர் தன் முன்னால் இருந்த இலையைத் தட்டினார். "இதப் பாரு. பொறந்தாலும் வாழை, கண்ணாலத்துக்கும் வாழை, செத்தாலும் வாழை. வாழை வராத மண்ணுல மனுசன் குடித்தனம் பண்ணுவானா? அந்தக் குளுருல வாழையே நிக்காது, ஒண்டிப் பொம்பள நீ எப்படி நிப்பே?"

பந்தியில் இருந்த ஒறம்பரைச் சொந்தபந்தம் முழுக்க ரசம் குடித்த வாயோடு தலையாட்டியது. அந்தத் தலையாட்டல்தான் மாசாணியம்மாளுக்குச் சுருக்கென்றது. ஒரு வருடமாக அவள் பனியில் மண்ணைக் கொத்திப் பிழைத்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. வாழை வராது என்றதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"வாழை நின்னுதுன்னா?" என்றாள்.

"எங்க நிக்கும்?"

"என்ற காட்டுலதானுங். ரெண்டு வருசம் குடுங்க. தார் போட்டு நிக்கும். நின்னுதுன்னா காட்டை வித்துப்போட்டு வான்னு இனி ஒருத்தரும் சொல்லக் கூடாது. நிக்குலீன்னா நானே வித்துப்போட்டு வந்து உங்க தெக்கால அறையில உக்காந்துக்கறேன்."

பாலுசாமியின் மனைவி நஞ்சம்மாள் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "அம்மணி, கோவத்துல வாக்கு உடாத கண்ணு."

"உட்டாச்சுங் நங்கை" என்றாள் அண்ணியிடம்.

பாலுசாமிக்கு உள்ளூரச் சந்தோஷம். ஊட்டிப் பனியில் வாழையாவது, தார் போடுவதாவது! ஆனாலும் மறுநாள் காலையில் தன் தோட்டத்திலேயே பார்த்துப் பார்த்து ஐந்து மொந்தன் கன்றுகளைத் தோண்டி, கட்டையில் மண் உதிராமல் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "தோக்கறதுன்னாலும் நல்ல கன்னுல தோக்கோணும்" என்றார். அவர் குணம் அப்படி.

மாசாணியம்மாள் போன உடனே கன்றுகளை நட்டாள். அன்னூர்ப் பெண்ணுக்கு வாழை நடச் சொல்லித்தர வேண்டுமா? வாய்க்கால் ஓரம், நல்ல தாழ்வான இடம், தண்ணீர் நிற்கிற மாதிரி குழி. அன்னூரில் அப்படித்தான். கேத்தியில் குளிர் போய்ப் படுத்துக்கொள்வதும் அதே தாழ்வான இடத்தில்தான் என்பது பத்து நாளில் தெரிந்தது. ஒரு விடியலில் போய்ப் பார்த்தால் மூன்று கன்றுகள் வெந்த கீரையாகக் கிடந்தன. மிச்சம் இரண்டையும் பெயர்த்து வந்து, வெயில் விழுகிற பக்கமாக வீட்டின் கல்சுவரை ஒட்டி நட்டாள். அதில் ஒன்றைக் காட்டெருமை வந்து ருசி பார்த்துவிட்டுப் போயிற்று.

ஒன்றே ஒன்று நின்றது.

கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து காய் ஏற்ற லாரி கொண்டுவரும் வியாபாரி ரசாக் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "அக்கா, இது தேறிச்சுன்னா சொல்லுங்க. அடுத்த தடவ தென்னம்பிள்ளை கொண்டாறேன். ஊட்டி இளநின்னு போர்டு போட்டு வித்துப்போடலாம்."

"நீங்க சிரிக்கறத அப்பறமாச் சிரிங்க. லாரியில கிழிஞ்ச சாக்கு கெடந்தாப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

அந்த ஒற்றை மரத்துக்கு அவள் தாயாகவும் இருந்தாள், போலீஸாகவும் இருந்தாள். அடுப்புச் சாம்பல் அதற்குத்தான். பகலெல்லாம் வெயில் குடித்த கல்சுவர் ராத்திரி மரத்துக்குக் கொஞ்சம் சூடு கொடுத்தது. தண்டைச் சுற்றிச் சாக்கு, காலடியில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம், சருகு. காய்ந்த மட்டை ஒன்றைக்கூட அவள் கழிக்கவில்லை. முதல் குளிரில் ஒரு மட்டையைக் கழித்த இடம் மட்டும் கறுத்துப் போனதைப் பார்த்தாள். அன்றே புத்தி வந்தது. சருகு எல்லாம் தண்டோடு படிந்து தொங்கட்டும், கம்பளியில்லாத மரத்துக்கு அதுதான் கம்பளி என்று விட்டுவிட்டாள். மரம் பார்க்கச் சகிக்கவில்லை. சடை விழுந்த பைத்தியக்காரி மாதிரி நின்றது. ஆனால் நின்றது.

அன்னூரில் வாரம் ஒன்று விரிகிற இலை இங்கே மாதம் ஒன்று விரிந்தது. அவளுக்கும் ஒன்றும் அவசரமில்லை. ஒரு பனிக்காலம் தாண்டியது. இரண்டாவது கார்த்திகையில், குறுகிப்போன உச்சியைப் பிளந்துகொண்டு, மூச்சு முட்டிப் பிறக்கிற குழந்தையாட்டம், ஊதா நிறத்தில் பூ வெளியே வந்தது. ரசாக் பார்த்துவிட்டு இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நெசமாவே தள்ளிருச்சே அக்கா!" என்று தலையில் இருந்த துணித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அன்று மாசாணியம்மாள் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். புதிதாக ஒரு தெம்பு அவளுக்குள் ஏறியிருந்தது.

மார்கழியில் லோகப்பிரியாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. பீளமேட்டுக்குப் போய் மகளைப் பார்த்து, காய்ச்சல் இறங்கியதும் மறுநாளே பஸ் ஏறினாள். மத்தியானம் தாண்டிக் கேத்தியில் இறங்கினால், வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஓர் இலை அசையவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அங்கே குப்பை கொட்டியவளுக்கு அந்த வானம் என்ன சொல்கிறது என்று தெரியும். இன்று ராத்திரி பனி விழும். நடையை எட்டிப் போட்டாள். அப்போதுதான் தன் வீட்டுப் பின்னாலிருந்து புகை எழுவதைப் பார்த்தாள்.

பின்னால் பாலுசாமி நின்றிருந்தார். தலையில் மப்ளர், மடித்துக் கட்டிய வேட்டி, இடுப்பில் அரிவாள். முகமெல்லாம் பூரிப்பு.

"வா கண்ணு! வெடியாலயே வந்துட்டேன். பொங்க நோம்பிக்கு முன்னாடி உன்னையப் பாத்துப்போட்டுப் போலாம்னு முறுக்கும் சீடையும் உங்க நங்கை குடுத்துட்டா. ஊடு பூட்டியிருந்துச்சு. சும்மா திண்ணையில குக்கியிருந்தா குளுரு ஆளத் தின்னுது. கை சும்மா இருக்குமா? இப்பப் பாரு, இப்பத்தான் இது தோட்டமாட்ட இருக்குது!"

அவள் பார்த்தாள். மரத்தில் ஒரு சருகு இல்லை. சாக்கு இல்லை. காலடியில் வைக்கோல் இல்லை. மண்ணைக் கூட்டிப் பெருக்கி, பாத்தி கட்டி, தண்டைச் சுத்தமாகச் சீவி, குளித்துவிட்டுத் துவட்டாமல் நிற்கிற குழந்தையைப்போல மரத்தை அம்மணமாக நிறுத்தியிருந்தார். உச்சியில் சின்னத் தார் ஒன்று, விரல் பருமன் காய்களோடு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழித்ததெல்லாம் தீயில் எரிந்துகொண்டிருந்தது. சாக்குகூட மக்கிப்போனது என்று அதிலேயே போட்டிருந்தார்.

மாசாணியம்மாள் தோள்பையைக் கீழே போட்டாள்.

"பந்தயத்துல ஜெயிக்கறதுக்கு இதா வழி கெடச்சுது உங்களுக்கு?"

பாலுசாமியின் முகம் விழுந்துவிட்டது. "பந்தயமா? அம்மணி, என்ன பேச்சுப் பேசறே? பூத் தள்ளுன மரத்தக் கெடுக்கற கையா இது? தாரப் பாத்ததுமே எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இத்தனை நல்ல மரத்துல சருகு தொங்குதேன்னுதான்..."

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது. கெடுக்க நினைத்துச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். பாசத்தோடு உரித்துப் போடுகிறவரை என்ன செய்வது?

"அண்ணா, இன்னிக்குப் பனி உழும். அந்தச் சருகுதான் அதுக்குப் போர்வை. நீங்க எரிச்சுப்போட்டீங்க."

அவர் தீயைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வாழையைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் உட்காரவில்லை. ரசாக்கின் லாரி செவ்வாய்க்கிழமைதான் வரும், சாக்குக்கு வழியில்லை. வீட்டு ஓரம் போட்டிருந்த மிச்ச வைக்கோலை அள்ளிவந்து காலடியில் குவித்தாள். வீட்டிலிருந்த இரண்டு கம்பளியையும் தண்டில் சுற்றிக் கட்டினாள். ஆனால் உச்சியும் தாரும்? கம்பளியின் கனத்துக்கு அந்தப் பிஞ்சுத் தார் முறிந்துவிடும். லேசான துணி வேண்டும், நிறைய வேண்டும். பொழுது மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் இருந்ததை எல்லாம் இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்து முக்காலியில் ஏறினாள்.

வெள்ளைச் சேலைகள். மடிப்புக் கலையாதவை. வெங்கடபதி செத்த அன்று பிறந்த வீட்டாரும் மாமன்மாரும் பங்காளிகளும் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போட்ட கோடிச் சேலைகள். தாலியை எடுத்த பெண்ணுக்கு இனி இதுதான் என்று போட்டுவிட்டுப் போவது வழக்கம். முதல் கோடியைப் பாலுசாமிதான் அழுதுகொண்டே அவள் தோளில் சுற்றினார். அன்றைக்குக் கட்டியதோடு சரி, அதற்குப் பிறகு அவள் பூப்போட்ட சேலையும் ஸ்வெட்டரும்தான். அன்னூர் வம்பில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அவள் முதல் சேலையை உதறித் தாரின்மேல் சுற்றப் போனாள். பாலுசாமி துள்ளி எழுந்தார்.

"அய்யோ, அம்மணி! அது கோடி! பூவும் பிஞ்சுமா நிக்கற பச்ச மரத்துக்குக் கோடி சுத்தறதா? ஆகாது கண்ணு, ஆகாது!"

மாசாணியம்மாள் முக்காலிமேல் நின்றபடி திரும்பினாள்.

"உசுரோட நின்ன எனக்குச் சுத்துனீங்களே, அது ஆச்சா?"

பாலுசாமி மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "நீ எறங்கு. எனக்குத்தான் கை எட்டும்" என்றார். முக்காலியில் ஏறி, தங்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒரு காய் நோகாமல், மடிப்பு மடிப்பாகச் சுற்றினார். சுற்றும்போது அவர் அழுதார். குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டார்.

காலையில் பள்ளத்தாக்கு வெள்ளையாகக் கிடந்தது. கேரட் பாத்தியில் மிதித்தால் உப்பு நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தது. வாழையின் இலைகள் அத்தனையும் கருகி, ஈரத்துணியாய்த் தொங்கிவிட்டன. அண்ணனும் தங்கையும் சேலைகளை அவிழ்த்தார்கள். மேல் சேலை விறைத்துப் பலகையாக இருந்தது. அடுத்தது ஈரம். அதற்கும் உள்ளே போகப் போக உலர்ந்திருந்தது. கடைசிச் சேலையை விலக்கியதும் பச்சையாக, மூன்றே மூன்று சீப்போடு, தார் அப்படியே இருந்தது.

பாலுசாமி ஒரு கூத்துப் போடாத குறை. "நின்னுபோச்சு அம்மணி! தார் நின்னுபோச்சு! எலை போச்சு, இனி இது பெருக்காது. பெருக்காட்டி என்ன, தாருன்னாத் தாருதான்! நீ ஜெயிச்சுட்டே. நானே ஊருக்குப் போயி ஒறம்பரைகிட்டச் சொல்லறேன். இனி நீ இங்கயே இருந்துக்க. நான் சம்மதிச்சுட்டேன்!"

மாசாணியம்மாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அந்தக் கடைசி வார்த்தை காதில் விழும்வரை. அது விழுந்ததும் சிரிப்பு நின்றது. கையிலிருந்த விறைத்த சேலையைப் பார்த்தாள். இதில் இரண்டு மடிப்புக் குறைந்திருந்தால் தார் கருகியிருக்கும். கருகியிருந்தால் புருசன் வாங்கிய காட்டை, தான் கொத்திக் கொத்திப் பண்படுத்திய காட்டை விற்றுவிட்டு, அந்தத் தெற்கு அறையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளே கொடுத்த வாக்கு. தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் ஒரு வாழை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த தன் முட்டாள்தனம் அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது.

"அந்த அருவாளைக் குடுங்கண்ணா."

கொடுத்தார். அவள் முக்காலியில் ஏறி, தாரை இடது கையால் தாங்கிக்கொண்டு ஒரே வெட்டாக வெட்டினாள். கறை வழிந்து ஸ்வெட்டரில் இறங்கியது.

"அடிப் பாவி! என்ன பண்ணிப்போட்டே!"

"பந்தயத்த வெட்டிப்போட்டேனுங். இப்ப மரத்துல தார் இல்லை. நான் தோத்துட்டேன்னே வெச்சுக்கங்க."

"அப்போ...?"

"அப்பவும் இங்கதான் இருப்பேன்."

"அத்தன பேரு முன்னால குடுத்த வாக்கு?"

"குடுத்தது தப்பு. வாழை வந்தா இருக்கறதுக்கும் வராட்டிப் போறதுக்கும் நான் என்ன குத்தகைக்கா இருக்கறேன்? இது என்ற காடு, என்ற ஊடு. நீங்க சம்மதிக்கறதுக்கு இதுல என்ன இருக்குது? வாக்குத் தவறுனவள்னு சொல்லுங்க. ஊரெல்லாம் சொல்லுங்க. நீங்க சொல்லற எடத்துக்கெல்லாம் நானும் வந்து பக்கத்துல நின்னு ஆமான்னு சொல்லறேன்."

பாலுசாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் தன் முதுகில் உப்புமூட்டை ஏறி வந்த பிள்ளையை அந்த முகத்தில் தேடினார் போலிருக்கிறது. கிடைக்கவில்லை. முக்காலியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போய் அடுப்பு ஓரமாக உட்கார்ந்தார்.

அவள் காயைச் சீவினாள். கட்டைவிரல் பருமன்தான் இருந்தது. கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு வதக்கினாள். சுடச்சுடச் சோறு போட்டு, பொரியலைத் தாராளமாக வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சித்தே தொவர்க்குது" என்றார்.

"பனியில வளந்தது. தொவர்க்கத்தான் செய்யும்."

அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். பாதிச் சோற்றில் கை நின்றது. அண்ணனின் குரல் அவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதே இல்லை.

"வித்துப்போட்டு வான்னு கூப்படறது ஒண்ணுதான் எனக்கு இந்த மலையில சோலியா இருந்துது. இனி நான் எதுக்கம்மணி இங்க வாரது?"

"தங்கச்சியப் பாக்க வாங்க" என்றாள் மாசாணியம்மாள்.

பாலுசாமி மிச்சச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் போடு என்று காலித் தட்டை அவளிடம் நீட்டினார்.